இரவல் முகவரியில் ஒரு பொதி: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கடைகளில் இணையம் வழியாகப் பொருள் வாங்குவது குறித்துச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். சிலர் பணத்தைச் செலுத்திய பிறகு கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்குக் கவலை தருகிறது. அதனால் இந்த இதழின் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஹட்டனுக்கு அருகில் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். என் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி படிக்கிறாள். பழைய மாணவர்களின் உதவியோடு அவளுக்குப் பெர்கின்ஸ் பிரெயில் பொறி (புள்ளி எழுத்தைத் தாளில் பதிக்கும் தட்டச்சுப் பொறி) ஒன்று வாங்க நினைக்கிறோம். அமெரிக்கக் கடையொன்றில் பாவித்த பொறி ஒன்று விற்பனைக்கு இருக்கிறது; ஆனால் இலங்கைக்கு அனுப்ப மாட்டார்களாம். ஃபோர்வர்டர் மூலம் எடுக்கலாம் என்கிறார் ஒருவர். வாங்கியே தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன என்கிறார் இன்னொருவர். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், பொருள் பழுதாக வந்தால் யாரிடம் போய் நிற்பது என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

ஃபோர்வர்டர் என்பது உங்களுக்கு வரும் பொதியைப் பெற்று, மாற்றி அனுப்பும் நிறுவனம். அமெரிக்காவிலுள்ள தன் களஞ்சியத்தின் முகவரியையும் அதனுள் உங்களுக்கென ஓர் இலக்கத்தையும் அது தருகிறது. கடையில் வாங்குபவரும் பணம் செலுத்துபவரும் நீங்களே. பற்றுச்சீட்டும் உங்கள் பெயரில்தான் இருக்கும். கடைக்காரரைப் பொறுத்தவரை அது அமெரிக்காவுக்குள் முடிந்துவிட்ட ஒரு விற்பனை. களஞ்சியத்துக்கு வந்த பொதியை நிறுத்து, அளந்து, நீங்கள் தெரிவுசெய்யும் கூரியர் சேவையிடம் ஒப்படைப்பதோடு ஃபோர்வர்டரின் பொறுப்பு தீர்ந்துவிடும். புளோரிடாவின் சரசோட்டா நகரில் உள்ள மைய்யூஎஸ், நியூ ஹம்ப்ஷயரில் உள்ள ஸ்டாக்ரி ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

வாங்கித் தரும் சேவையை ப்ரொக்சி என்கிறார்கள். பொருளின் இணைய முகவரியை நீங்கள் அனுப்பினால், அவர்கள் தங்கள் அட்டையில், தங்கள் பெயரில் அதை வாங்கி, விலையோடு தரகையும் சேர்த்து உங்களிடம் அறவிடுவார்கள். நம் நாட்டு வங்கி அட்டையைக் கடை ஏற்காதபோது இதுவே வழி. ஆனால் பற்றுச்சீட்டு அவர்கள் பெயரில் இருப்பதால், திருப்பிக் கொடுப்பதானாலும் உத்தரவாதம் கோருவதானாலும் அவர்கள் வழியாகத்தான் போகவேண்டும். பல ஃபோர்வர்டர்கள் இந்தச் சேவையையும் சேர்த்தே நடத்துவதால்தான் இரண்டும் ஒன்றெனத் தோன்றுகிறது.

உங்கள் பொறியைப் பொறுத்தவரை இரண்டு விடயங்களை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். முதலாவது, அது பாவித்த பொருள். கடையின் திருப்பியெடுக்கும் காலம், பொதி அமெரிக்கக் களஞ்சியத்தை அடைந்த நாளிலிருந்தே எண்ணப்படும். ஹட்டனுக்கு வந்து மாணவி விரல் வைத்துப் பார்க்கும்போது அந்தக் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். சிறு கட்டணத்துக்குக் களஞ்சியத்தில் படம் எடுத்து அனுப்புவார்கள். ஆனால் படத்தில் துருவும் உடைவும் தெரியுமே தவிர, ஆறு விசைகளும் தாளில் சரியாகப் புள்ளி பதிக்கின்றனவா என்பது தெரியாது. பொறியை இயக்கிப் பார்ப்பது அவர்கள் வேலையல்ல. ஆகவே, ஆறு புள்ளிகளும் பதிந்த தாளொன்றின் படத்தை விற்பவரிடமே வாங்குவதற்கு முன் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது நிறை. பெர்கின்ஸ் பொறி ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். நம் பேச்சில் சொன்னால் ஏறத்தாழ பதினொரு றாத்தல். ஆனால் கூரியர் நிறுவனங்கள் தராசில் காட்டும் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி, 5000 ஆல் வகுத்து வரும் எண்ணைக் கன அளவு நிறை என்று கொள்கிறார்கள். இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். பொறியைச் சுற்றிப் பஞ்சு வைத்து 45, 35, 30 சென்ரிமீற்றர் அளவுள்ள பெட்டியில் அடைத்தால் அதன் கன அளவு நிறை 9.45 கிலோ. அதாவது, பெட்டியோடு சேர்த்து 6 கிலோ வரும் பொதிக்கு ஒன்பதரைக் கிலோவுக்கான கூலி. மலையேற்றத்துக்கான சப்பாத்து ஒன்றை இப்படி வாங்கியபோது, பெட்டியைச் சிறிதாக மாற்றிக் கட்டும்படி கேட்கவேண்டும் என்பது தெரியாமல், பெட்டிக்குள்ளிருந்த வெறும் காற்றுக்கு நான் செலுத்திய தொகை அந்தச் சப்பாத்தின் விலையில் பாதியளவு. களஞ்சியத்துக்குப் பொதி வந்ததும், அனுப்பும்படி சொல்வதற்கு முன்னரே, பெட்டியை மாற்றிக் கட்டும்படி கேளுங்கள். பிரெயில் பொறிக்கு மட்டும் அளவுக்கு மீறிக் குறைக்கச் சொல்லாதீர்கள். பாரமான உலோகப் பொறி பஞ்சில்லாமல் வந்தால் தன் நிறையாலேயே உடையும்.

இவ்வளவும் எழுதிய பிறகு, இதைவிட முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஒன்று உண்டு. இந்தப் பொறி மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வோட்டர்டவுனில் உள்ள பெர்கின்ஸ் பார்வையற்றோர் பாடசாலையில், அங்கு ஆசிரியராக இருந்த டேவிட் ஏபிரகாம் வடிவமைத்து, 1951இல் வெளிவந்தது. ஆனால் அமெரிக்காவில் மட்டும்தான் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் வேலூரை அடுத்த காட்பாடியில் இயங்கும் வொர்த் டிரஸ்ட், பெர்கின்ஸ் பாடசாலையுடன் இணைந்து இப்பொறிகளைத் தயாரித்து வந்திருக்கிறது. முதலில் பெர்கின்ஸ் பாடசாலைக்கும் காட்பாடிக்கும் பாடசாலையின் கடிதத் தலைப்பில் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். தயாரிப்பவரிடமே நேரடியாக வாங்க முடிந்தால் உத்தரவாதமும் உதிரிப்பாகமும் உங்களுக்குக் கிடைக்கும். நடுவில் இருவருக்குத் தரகு கொடுக்கவும் வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை அந்தப் பொறியைப் பல ஆண்டுகள் பாவிக்கப் போகிறாள். நாளை ஒரு விசை இறுகிவிட்டால் யாரிடம் கொடுத்துத் திருத்துவது என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

கேள்வி: லிந்துலையிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவிலுள்ள மகள் அங்கே பாவிக்கும் அதே பிளெண்டரை எனக்கும் அனுப்பச் சொல்லலாமா? டிரான்ஸ்போமர் போட்டால் போதும் என்கிறார்கள்.

பதில்: வேண்டாம், அம்மா. அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர, மின்னோட்டத்தின் அலைவு வேகமான ஹேர்ட்ஸை மாற்றாது. பெரிய மோட்டாருக்கு ஈடுகொடுக்கும் டிரான்ஸ்போமர் விலையும் கூடியது, பாரமும் கூடியது. அது இல்லாமல் நேரே செருகினால் மோட்டார் எரிந்துபோகும். சூடாக்கும் பொருள்களென்றால் இன்னும் ஆபத்து. அவை எடுக்கும் மின்வலு ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். பொருளின் அடியில் ‘100-240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்’ என்று பொறித்திருந்தால் மட்டும் வாங்கலாம். கணினி, கமெரா ஆகியவற்றின் சார்ஜர்களில் பெரும்பாலும் அப்படி இருக்கும். சமையலறைப் பொருள்களில் அரிது.

கேள்வி: பண்டாரவளையில் திருமணப் படப்பிடிப்புத் தொழில் செய்கிறேன். அமெரிக்கக் கடையொன்றில் 400 டொலருக்கு ஒரு கமெரா லென்ஸ் பார்த்தேன். ஃபோர்வர்டரிடம் பதிவு செய்து முகவரியும் பெற்றுவிட்டேன். ஆனால் என் கடனட்டையைக் கடை மூன்று முறை நிராகரித்துவிட்டது. வங்கியிடம் கேட்டால் அட்டையில் பிழையில்லை என்கிறார்கள். லென்ஸோடு இரண்டு பற்றரிகளும் வாங்க வேண்டும். மொத்தம் எவ்வளவு ஆகும்?

பதில்: வங்கி சொல்வது உண்மையே. அமெரிக்கக் கடைகள் பல, அட்டைக்காரர் தரும் முகவரியின் இலக்கத்தையும் அஞ்சல் குறியீட்டையும் அட்டை வழங்கிய வங்கியின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. அந்த ஒப்பீடு பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளின் அட்டைகளுக்கே இயங்குகிறது; நம் வங்கிகளின் பதிவை அதனால் பார்க்க முடியாததால், பிழையேதும் இல்லாமலே அட்டை நிராகரிக்கப்படுகிறது. இதைக் கண்டு சிலர் அட்டையின் முகவரி கேட்கும் இடத்திலும் ஃபோர்வர்டரின் முகவரியையே எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வங்கியில் உள்ள முகவரியும் நீங்கள் எழுதுவதும் வேறுபட்டால் மோசடி என்ற சந்தேகத்தில் கட்டளையையே இரத்துச் செய்வார்கள். மீண்டும் மீண்டும் முயன்றால் கணக்கையும் முடக்குவார்கள்.

உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. கடை பேபால் என்ற இணையக் கொடுப்பனவுச் சேவையை ஏற்குமானால் அதன் மூலம் செலுத்துங்கள். இலங்கையிலிருந்து பேபால் மூலம் பணம் செலுத்தத் தடையில்லை. அல்லது வெளிநாடுகளுக்கு நேரடியாகவே அனுப்பும் கடையொன்றைத் தேடுங்கள். நியூயோர்க்கில் உள்ள பி அண்ட் எச் போன்ற பெரிய கமெராக் கடைகள் பல நாடுகளுக்கு அனுப்புகின்றன. நேரடியாக அனுப்பும் கடை இருக்கும்போது ஃபோர்வர்டரிடம் போவது, பஸ் வாசலுக்கே வரும்போது முச்சக்கரவண்டி பிடிப்பது போன்றது. இவை இரண்டும் கைகூடாவிட்டால் மட்டுமே ப்ரொக்சி.

இனிச் செலவு. களஞ்சியம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கலிபோர்னியாவின் விற்பனை வரி குறைந்தபட்சம் 7.25 வீதம், 400 டொலர் லென்ஸுக்கு 29 டொலர் அங்கேயே போய்விடும். ஒரிகன், டெலவெயர், நியூ ஹம்ப்ஷயர், மொன்டானா ஆகியவற்றில் மாநில விற்பனை வரி இல்லை. ஃபோர்வர்டர்கள் பலர் இந்த மாநிலங்களில் களஞ்சியம் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரியில்லாத மாநிலம் என்று கொண்டு, அனுப்பும் கூலி 60 டொலர், காப்புறுதி 8 டொலர் எனக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இலங்கைச் சுங்கம் பொருளின் விலையை மட்டும் பார்ப்பதில்லை. விலை, காப்புறுதி, கூலி மூன்றையும் கூட்டிய தொகையே அடிப்படை. ஆக 468 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று கொண்டால் 140,400 ரூபா. பெறுமதி சேர் வரிக்காக அந்தத் தொகையோடு முதலில் 10 வீதம் கூட்டுவார்கள், 154,440 ஆகும். 2024 ஜனவரியிலிருந்து அந்த வரி 18 வீதம் என்பதால் 27,799 ரூபா வருகிறது. சுங்கத் தீர்வை, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி, செஸ் ஆகியவை பொருளின் சுங்க வகைப்பாட்டு எண்ணுக்கேற்ப வேறுபடும். அவற்றில் எது விதிக்கப்பட்டாலும் அதுவும் பெறுமதி சேர் வரியின் அடிப்படையில் சேர்ந்துகொள்ளும். 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 வீதத்தையும் மறக்க வேண்டாம். இவற்றுக்கு மேல் கூரியர் நிறுவனத்தின் கையாளல் கட்டணம், ஃபோர்வர்டரின் கட்டணம், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்காக வங்கி அறவிடுவது எல்லாம் உண்டு. 120,000 ரூபா என்று மனத்தில் எண்ணிய லென்ஸ், பெறுமதி சேர் வரியை மட்டும் சேர்த்தாலே 168,000 ரூபாவைத் தாண்டுகிறது. கொழும்புக் கடையில் உள்ளூர் உத்தரவாதத்தோடு அது என்ன விலை என்பதை இந்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். 400 டொலரோடு ஒப்பிடாதீர்கள்.

பற்றரிகளை இங்கேயே வாங்குங்கள். கருவியிலிருந்து தனியாக வரும் லித்தியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. பல களஞ்சியங்கள் அவற்றை ஏற்பதே இல்லை. லென்ஸோடு ஒரே பெட்டியில் வந்தால் லென்ஸும் சேர்ந்து தங்கிவிடும்.

கேள்வி: தலவாக்கலையிலிருந்து ஒரு மாணவன். அமெரிக்காவில் ஐபோன் விலை குறைவாக இருக்கிறதே, ஃபோர்வர்டர் மூலம் எடுக்கலாமா?

பதில்: எனக்கு விருப்பமில்லை, தம்பி. அங்கே குறைந்த விலைக்குக் கிடைப்பவற்றில் பல, ஒரு தொலைபேசி நிறுவனத்தின் சேவைக்கு மட்டும் பூட்டப்பட்டவை; இங்குள்ள சிம் அவற்றில் வேலை செய்யாது. 2022இல் வந்த ஐபோன் 14 தொடக்கம் அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் சிம் அட்டை வைக்கும் இடமே இல்லை; தொலைபேசிக்குள்ளேயே பதிக்கப்பட்ட இ-சிம் மட்டும்தான். அத்துடன் வானொலி அலைகளைப் பாவிக்கும் எந்தக் கருவியும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளுக்கு உட்பட்டது. அவர்களிடம் விசாரிக்காமல் பணத்தைக் கட்டாதீர்கள்.

கேள்வி: கம்பளையில் சிறு வியாபாரம் செய்கிறேன். பற்றுச்சீட்டில் விலையைக் குறைத்து, ‘பரிசு’ என்று எழுதி அனுப்பினால் வரி வராது என்று ஒரு முகவர் சொல்கிறார். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களாம். உங்கள் கருத்து?

பதில்: அந்த முகவரை விட்டு விலகுங்கள். பொய்யான பெறுமதியை அறிவிப்பது சுங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். பொருளைப் பறிமுதல் செய்யவும் தண்டம் விதிக்கவும் சுங்கத்துக்கு அதிகாரம் உண்டு. சுங்க அதிகாரி இணையத்தில் அதே பொருளின் விலையைப் பார்க்க அதிக நேரம் ஆகாது. பொதியில் பெறுநராக இருப்பது உங்கள் பெயர், உங்கள் தேசிய அடையாள அட்டை இலக்கம். முகவரின் பெயர் எங்கும் இராது. சிக்கல் வந்தால் கொழும்புக்குப் போய் விளக்கம் சொல்லப்போவது நீங்கள்.

காப்புறுதியையும் நினைத்துப் பாருங்கள். 200 டொலர் பொருளை 20 டொலர் என்று எழுதிய பொதி வழியில் தொலைந்தால், 20 டொலருக்கு மேல் கேட்க உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கும்? ‘பரிசு’ என்று எழுதினால் வரி தானாக நீங்கிவிடும் என்பதும் சரியல்ல. நீங்கள் விலைகொடுத்து வாங்கியது பரிசாகாது. விற்பதற்காகப் பல எண்ணிக்கையில் தருவிப்பதானால் அது வணிக இறக்குமதி. அதற்கான பதிவோடு செய்யுங்கள். 1969ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் தேவைப்படும் பொருள்களும் உண்டு. அந்தப் பட்டியல் அவ்வப்போது மாறுவதால், போன வருடம் வந்த பொருள் இந்த வருடமும் வரும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: நுவரெலியாவில் மரக்கறித் தோட்டம் செய்கிறேன். அமெரிக்க விதை நிறுவனம் ஒன்றின் தக்காளி, மிளகாய் விதைகளைச் சிறு பொட்டலமாக எடுப்பித்தால் யாருக்கும் தெரியாது என்கிறார்கள். மருந்தும் இல்லை, மின்சாரமும் இல்லை, விதைதானே?

பதில்: ‘விதைதானே’ என்ற சொல்தான் என்னை இந்தப் பதிலை நீளமாக எழுத வைக்கிறது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணம் ஒன்றின் வேலை அது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இந்த மலைகளின் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. பிழைப்புத் தேடி நடந்து வந்த நம் முன்னோர் கோப்பிக் காட்டிலிருந்து தேயிலை மலைக்கு மாறியது அந்தப் புள்ளிகளால்தான். 1946இல் தேயிலையிலேயே கொப்புள நோய் வந்து சேர்ந்தது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அதனோடு எவ்வளவு காலம் போராடியது என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு நோய் மலைக்குள் வந்துவிட்டால் எல்லாத் தோட்டங்களுக்கும் அது பொதுவாகிவிடுகிறது.

விதைக்குள்ளும் விதையின் மேலும் வைரசும் பற்றீரியாவும் பூஞ்சணமும் பயணம் செய்கின்றன. அதனால்தான் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதையோ நாற்றோ நாட்டுக்குள் வருவது கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் முன் அனுமதியும், அனுப்பும் நாட்டின் விவசாயத் துறை வழங்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் தேவை. பொதி கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தடுப்புக்காப்பு நிலையத்தின் பரிசோதனைக்கு உட்படும். ஃபோர்வர்டர் அந்தச் சான்றிதழை எடுத்துத் தருவதில்லை. விதையை மாலை மணி என்றோ நகை என்றோ எழுதி அனுப்பும் வழக்கமும் உலகில் உண்டு. 2020இல் அமெரிக்காவின் வீடுகள் பலவற்றுக்குக் கேட்காமலே அப்படிப்பட்ட விதைப் பொட்டலங்கள் வந்தபோது, அவற்றை நட வேண்டாம், எறியவும் வேண்டாம், ஒப்படையுங்கள் என்று அந்நாட்டு விவசாயத் திணைக்களமே மக்களைக் கேட்டுக்கொண்டது. உங்களுக்கு அந்த இனம்தான் வேண்டுமென்றால் நுவரெலியாவில் உள்ள விவசாயத் திணைக்கள அலுவலகத்துக்குப் போய், அனுமதியோடு இறக்குமதி செய்யும் விதை நிறுவனம் எது என்று கேளுங்கள். பொட்டலத்தில் ஒளித்து மட்டும் எடுக்காதீர்கள். உங்கள் பாத்தியிலிருந்து வரும் நீர்தான் கீழேயுள்ள ஒருவரின் பாத்திக்குப் போகிறது.

கேள்வி: பதுளையிலிருந்து எழுதுகிறேன். முகநூலில் ‘அமெரிக்காவிலிருந்து எதையும் வாங்கித் தருவோம்’ என்று விளம்பரம் செய்த ஒருவரின் வங்கிக் கணக்குக்கு 45,000 ரூபா போட்டேன். மூன்று மாதமாகிவிட்டது. இப்போது தொலைபேசியும் எடுப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மனம் வருந்தினேன். வைப்புச் சீட்டு, அவர் அனுப்பிய செய்திகள், விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் அழியாமல் சேர்த்து, முதலில் உங்கள் வங்கிக்கும் பிறகு பொலிசுக்கும் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். கணக்குக்கு நேரே போட்ட பணம் மீளக் கிடைப்பது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் முறைப்பாடு பதியப்பட்டால்தான் அதே கணக்கு இலக்கம் இன்னொருவரின் முறைப்பாட்டோடு பொருந்தும்போது வழக்குக்கு வலு வரும்.

மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன்: முன்பின் தெரியாத ப்ரொக்சிக்கு வங்கி வைப்பாகப் பணம் போடாதீர்கள். கடனட்டையில் செலுத்தியிருந்தால், பொருள் வரவில்லை என்று வங்கி மூலம் பணத்தை மீளக் கேட்கும் வழி உண்டு. வைப்புக்கு அந்த வழி இல்லை. இன்னுமோர் அடையாளம் சொல்கிறேன். பிறருக்காகத் தபாலைப் பெற்றுக்கொள்ளும் நிறுவனங்கள், அமெரிக்கத் தபால் சேவையின் 1583 ஆம் இலக்கப் படிவத்தில் வாடிக்கையாளரின் ஒப்புதலையும் இரண்டு அடையாளச் சான்றுகளையும் பெறவேண்டும். பதிவின்போது இவற்றைக் கேட்கும் நிறுவனத்தைக் கண்டு சிலர் பயப்படுகிறார்கள். கேட்கிறது என்றால் அந்நாட்டு விதிக்கு உட்பட்டு நடக்கிறது என்று பொருள். எதையுமே கேட்காமல் முகவரியைத் தூக்கிக் கொடுப்பவரிடம்தான் கவனம் வேண்டும். முதல் தடவை ஒரு புத்தகமோ மலிவான சிறு பொருளோ எடுப்பித்து, போகும் வழியையும் வரும் வழியையும் பார்த்துக்கொண்டு, பிறகு பெரிய பொருளுக்குப் போங்கள்.

கேள்வி: மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். எங்களுக்குத் தனி வீட்டு முகவரி இல்லை. கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். இப்படியிருக்க, கூரியர் பொதி எங்கள் கைக்கு வந்து சேருமா? அமெரிக்க முகவரியில் வேறு ‘சூட் இலக்கம்’ என்று ஏதோ கேட்கிறது. பெயரையும் இரண்டாகப் பிரித்துக் கேட்கிறது.

பதில்: சூட் இலக்கம் என்றால் என்ன என்று நகரத்து வாசகருக்கு விளக்குவது கடினம், உங்களுக்கு எளிது. தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதி, டிவிஷனையும் லயன் இலக்கத்தையும் விட்டுவிட்ட கடிதம் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஃபோர்வர்டரின் களஞ்சியமும் அப்படித்தான். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே தெரு முகவரி. சூட் இலக்கம் ஒன்றுதான் உங்களைப் பிரித்துக் காட்டுவது. சில கடைகளின் படிவத்தில் முகவரியின் இரண்டாவது வரி அச்சில் விடுபட்டுவிடுவதுண்டு. ஆகவே அந்த இலக்கத்தை இரண்டாவது வரியில் எழுதுவதோடு, பெயருக்குப் பின்னாலும் ஒருமுறை எழுதுங்கள்.

பெயர் இன்னும் முக்கியமானது. நம் மக்களின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் ஒருவிதமாகவும், வங்கிப் புத்தகத்தில் வேறொரு விதமாகவும் எழுதப்பட்டிருப்பது எத்தனை பேருக்கு எத்தனை அலைச்சலைத் தந்திருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் அதே கதைதான். தேசிய அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்களை ஓர் எழுத்தும் மாறாமல் பாவியுங்கள். அட்டையில் ஆங்கிலத்தில் இல்லையென்றால் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். குடும்பப் பெயர் கேட்கும் இடத்தில் தகப்பனாரின் பெயரை முழுதாக எழுதுங்கள். முதலெழுத்தை மட்டும் எழுதினால் சில தளங்கள் ஏற்காது. பொதியில் உள்ள பெயரும் நீங்கள் காட்டும் அட்டையும் பொருந்தவில்லை என்றால் சுங்கத்தில் பொதி தங்கும். தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் ஏறலாம்.

தோட்டத்துக்கு வரும் கடிதம் உரியவர் கைக்குப் பிந்தி வருவதும், வராமலே போவதும் நெடுங்காலக் குறை. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கிடைத்த பிள்ளைகள் நம் எல்லாத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். லயனில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு முகவரி வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறும் நாள் வரட்டும். அதுவரை, விலையுயர்ந்த பொதியைத் தோட்ட அலுவலகத்தின் பெயருக்கு வரவழைக்காதீர்கள். டவுனில் கடை வைத்திருக்கும் உறவினர், நம்பிக்கையான ஆசிரியர், வங்கியில் வேலை செய்யும் நண்பர் என்று பகலில் ஆள் இருக்கும் ஓரிடத்தை அவர்களின் சம்மதத்தோடு முகவரியாகக் கொடுங்கள். பெறுநராக மட்டும் உங்கள் பெயரே இருக்கட்டும். கூரியர் நிறுவனத்துக்கு ஹட்டனில் கிளை இருந்தால், பொதியை அங்கேயே வைத்திருங்கள், வந்து எடுக்கிறோம் என்று கேட்கலாம்.

உங்கள் தோட்டத்தில் சிக்னல் எந்த நிறுவனத்துக்கு நன்றாகக் கிடைக்கிறதோ அந்த இலக்கத்தைக் கொடுங்கள். சுங்கத்திலிருந்தோ கூரியரிலிருந்தோ வரும் அழைப்பை எடுக்காததால் திரும்பிப்போன பொதிகள் உண்டு. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் நாளில் தொலைபேசி வீட்டில் இருக்குமானால், வீட்டில் இருப்பவரின் இலக்கத்தை இரண்டாவதாக எழுதுங்கள். எடுக்கப் போகும்போது அடையாள அட்டையின் மூலப்பிரதி, கடையின் பற்றுச்சீட்டு, பணம் செலுத்தியதற்கான சான்று மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். பொதியை அங்கேயே திறந்து, உடைவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து வையுங்கள்.